கல்லூரி ஆய்வகத்தின் பேக்அப்பிலிருந்து கிளவுட் சான்றிதழ் வரை: ஒரு செய்முறை

கல்லூரிகளில் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் பலர், கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) சான்றிதழ் என்பது மென்பொருள் நிறுவன ஊழியர்களுக்கு உரியது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். பயனர் கணக்குத் திறப்பது, யாருக்கு எந்தக் கோப்புறை தெரியலாம் என்று முடிவு செய்வது, இரவில் பேக்அப் எடுப்பது, செமஸ்டர் முடிந்ததும் பழைய கணக்குகளை நீக்குவது என அவர்கள் அன்றாடம் பார்க்கும் வேலைகளே அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் வேறு பெயர்களில் இருக்கின்றன. ஆகவே பாடத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், ஆய்வகப் பேக்அப் ஒன்றைக் கிளவுடில் வைத்துப் பழகி, அதன் வழியாகவே தேர்வுக்குத் தயாராகும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: தேர்வின் அமைப்பை அறிதல்

எடுத்துக்காட்டாக, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் கிளவுட் பிராக்டிஷனர் என்னும் அடிப்படைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சிஎல்எஃப்-சி02 பதிப்பின்படி, 90 நிமிடங்களில் 65 கேள்விகளுக்கு விடையளித்து 1000க்கு 700 பெற வேண்டும். கட்டணம் 100 டாலர். சேவைகளுக்கு 34 விழுக்காடு, பாதுகாப்புக்கு 30, அடிப்படைக் கருத்துகளுக்கு 24, கட்டண முறைக்கு 12 என்று பாடம் பிரிக்கப்பட்டுள்ளது. 65இல் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை என்றாலும் அவை எவை என்று தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விடையளிக்காமல் விடாதீர்கள்.

படி 2: கணக்கைப் பூட்டி வைத்தல்

ஏடபிள்யூஎஸ் கணக்குத் திறந்தவுடன் கிடைப்பது, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனர். ஆய்வகத்தின் அட்மின் கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பயனரை ஏன் அன்றாடம் பயன்படுத்தக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை. ரூட் பயனருக்குக் கைப்பேசிச் செயலி வழியான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு, யாருக்கு என்ன அனுமதி என்று வரையறுக்கும் ஐஏஎம் பகுதியில் உங்களுக்கென ஒரு தனிப் பயனரை உருவாக்கி, இனி அதன் வழியாகவே நுழையுங்கள்.

2025 ஜூலை 15 முதல் புதிய கணக்குகளுக்கு, சேவைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் வரவாக (கிரெடிட்) 100 டாலரும், சில பயிற்சிகளை முடித்தால் மேலும் 100 டாலர் வரையும் தருகிறார்கள்; இலவசத் திட்டம் ஆறு மாதம் அல்லது அந்த வரவு தீரும்வரை நீடிக்கும். கட்டணத் திட்டத்துக்கு மாறுவதாக இருந்தால், பில்லிங் பக்கத்தின் பட்ஜெட்ஸ் பகுதியில் சிறு செலவு ஏற்பட்டாலும் தெரிவிக்கும் பூஜ்யச் செலவு எச்சரிக்கையை முதலில் அமைத்துவிடுங்கள். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, எந்தச் சேவையையும் தானாக நிறுத்தாது.

படி 3: பேக்அப்பை எஸ்3இல் வைத்தல்

நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில், சர்வரின் பேக்அப் அதே மேசையில் இருந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. ஒரு மழைநாளில் மின்னழுத்தம் எகிறியபோது சர்வரும் டிஸ்கும் சேர்ந்தே போயின. பேக்அப் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அதற்கு மேல் எந்தப் பாடமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

முதலில் திரையின் மேல் வலது மூலையில் மும்பை மண்டலத்தை (தரவு மையங்கள் அமைந்துள்ள பகுதி) தேர்ந்தெடுங்கள். பின்னர், கோப்புகளைச் சேமிக்கும் சேவையான எஸ்3இல் ஒரு பக்கெட்டை, அதாவது கோப்புகளை இடும் கொள்கலனை, உருவாக்குங்கள். பொதுவாக அதன் பெயர் உலகில் வேறு எவரும் வைக்காததாக இருக்க வேண்டும். பொதுமக்கள் அணுகலைத் தடுக்கும் அமைப்பு ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கோப்பின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் வெர்ஷனிங் மட்டும் அணைந்திருக்கும், அதை இயக்குங்கள்.

இப்போது கற்பனைப் பெயர்கள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலைத் தயாரித்து அதில் ஏற்றுங்கள். பயிற்சிக்காக மாணவர்களின் உண்மைத் தரவைப் பயன்படுத்தவே கூடாது. ஒரு மதிப்பெண்ணை 45இலிருந்து 54 ஆக மாற்றி, அதே பெயரில் மீண்டும் ஏற்றுங்கள். பிறகு கோப்பை அழித்துவிடுங்கள். பட்டியலில் கோப்பு காணாமல் போயிருக்கும், ஆனால் 'ஷோ வெர்ஷன்ஸ்' என்பதை இயக்கினால் இரண்டு பதிப்புகளும் அவற்றின் மேலே ஓர் அழிப்புக் குறியும் தெரியும். அந்தக் குறியை மட்டும் நீக்கினால் 54 உள்ள கோப்பு திரும்பிவிடும். பழைய பதிப்புகளுக்கும் இடக் கட்டணம் உண்டு என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 30 நாள்கள் கழிந்த கோப்புகளைக் கிளேசியர் ஃபிளெக்சிபிள் என்னும் நீண்டகாலச் சேமிப்பு வகைக்குத் தானாக மாற்றும் லைஃப்சைக்கிள் விதி ஒன்றை எழுதுங்கள். அங்கே சென்ற கோப்பை 90 நாள்களுக்குள் அழித்தாலும் அந்த 90 நாள்களுக்கான கட்டணம் விழும் என்பதால், வாரந்தோறும் அழித்து மாற்றும் பேக்அப்புக்கு அது பொருந்தாது. ஆண்டு இறுதிப் பேக்அப்புக்கே பொருந்தும்.

படி 4: இசி2இல் ஒரு சர்வர்

சர்வர்களை வாடகைக்குத் தரும் சேவையான இசி2இல் சிறிய லினக்ஸ் சர்வர் ஒன்றைத் தொடங்கி, அதன் இயங்குதளத்தை நீங்களே புதுப்பித்துப் பாருங்கள். கட்டடமும் வன்பொருளும் ஏடபிள்யூஎஸ் நிறுவனத்தின் பொறுப்பு, இயங்குதளப் புதுப்பிப்பும் தரவும் நம் பொறுப்பு என்னும் பகிர்ந்த பொறுப்பு முறை அப்போது தானாக விளங்கும். பாதுகாப்புப் பகுதிக் கேள்விகளில் இது தவறாமல் வரக்கூடியது. சர்வரை நிறுத்தினாலும் அதன் டிஸ்குக்குக் கட்டணம் ஓடும், ஆகவே வேலை முடிந்ததும் 'டெர்மினேட்' (நிரந்தர நீக்கம்) செய்து, டிஸ்க் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். சர்வர் காணவில்லை என்று பதறினால், வேறு மண்டலத்தைத் திறந்திருக்கிறீர்களா என்று முதலில் சரிபாருங்கள்.

படி 5: பதிவு

ஏடபிள்யூஎஸ்ஸின் பயிற்சித் தளமான ஸ்கில் பில்டரில் இலவச அடிப்படைப் பாடமும் மாதிரிக் கேள்விகளும் உள்ளன. உங்கள் கல்லூரி, கல்வி நிறுவனங்களுக்கான திட்டமான ஏடபிள்யூஎஸ் அகாடமியில் உறுப்பினராக இருந்தால், வங்கி அட்டை இல்லாமலே பயிற்சி ஆய்வகம் கிடைக்கும். தமிழில் தேர்வு இல்லாததால், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கான 30 நிமிடக் கூடுதல் நேரத்தை, இடம் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுப் பெறுங்கள். பதிவு செய்த பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குப் பொருந்தாது.

நம் ஊரில் பலரும் இடறும் இடம் பெயர்தான். முதலெழுத்து ஓர் அட்டையில் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயராகவும் இருக்கும். தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே கணக்கில் பெயரைத் திருத்திய பின்னரே பணம் கட்டுங்கள். தேறாவிட்டால் 14 நாள்கள் கழித்து மீண்டும் எழுதலாம், ஆனால் 100 டாலரை மறுபடி முழுமையாகச் செலுத்த வேண்டும்.