கொல்லைப்புறக் கொட்டகையைக் குறைந்த செலவில் உடற்பயிற்சிக்கூடமாக மாற்றுதல்

கொட்டகையை உடற்பயிற்சிக்கூடமாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கருவிகள் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். கையிருப்பு குறைவாக இருக்கும்போது பணம் முதலில் தரைக்கும் காற்றோட்டத்துக்கும் போக வேண்டும் என்பதே என் கருத்து. ஓதமும் புழுக்கமும் உள்ள இடத்தில் நல்ல இரும்பும் துருப்பிடிக்கும், பயிற்சி செய்பவரும் வெகுநாள் தாக்குப்பிடிக்கமாட்டார்.

கொட்டகையைக் காலி செய்ததும் அளவெடுங்கள். ஆண்களுக்கான போட்டிப் பார்பெல்லின் நீளம் 2.2 மீட்டர் என்பதால், இருபுறமும் எடைத்தட்டுகளை மாட்டிக் கழற்ற ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் குட்டையான கம்பியோ, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டம்பெல்லோ போதும். தலைக்கு மேல் ஒரு கம்பைக் கைகள் முழுவதும் நீள உயர்த்திப் பாருங்கள். பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ., அதில் பாதி கம்பிக்கு மேலே நிற்கும் ஆதலால், கம்புக்கு மேலே 30 செ.மீ. ஆவது காலியாக இருக்க வேண்டும்.

தரைதான் அதிகக் கவனம் கேட்கும் பகுதி. முதலில் வெளியே சுவரோரம் மழைநீர் தேங்காதபடி வழி செய்யுங்கள். கான்கிரீட் தரையின் மீது ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்து, எடுக்கும்போது அடியில் ஈரம் கோத்திருந்தால், கனமான பாலித்தீன் விரிப்பைப் போட்ட பிறகே பிளைவுட்டையும் ரப்பர் பாயையும் பரப்ப வேண்டும். மாட்டுத்தொழுவங்களிலும் குதிரை லாயங்களிலும் விரிக்கும் தடித்த ரப்பர் பாய்கள், உடற்பயிற்சிக்கென்று விற்கப்படுபவற்றைவிடப் பெரும்பாலும் மலிவானவை. அவற்றின் வாடை போகச் சில நாள் வெளியே காற்றாட வைக்க வேண்டியிருக்கும். மரப்பலகைத் தரையானால் எடையைக் கீழே போடும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் தாழ்வாகவும் மற்றொன்றில் கூரையை ஒட்டியும் திறப்புகள் அமைத்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். தகரக் கூரையின் அடியில் வெப்பத்தடுப்புப் பலகை பொருத்துவது நல்லது. மின்இணைப்பைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அந்தச் செலவில் சிக்கனம் கூடாது.

இரும்புத் தட்டுகளைப் பழையதாகவே வாங்கலாம். மேலோட்டமான துரு கம்பிப் பிரஷ்ஷுக்குப் போய்விடும். பழைய பார்பெல்லைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் அது வளைந்திருக்கிறது. பழைய டிரெட்மில்லை நான் பரிந்துரைக்கமாட்டேன். புல்-அப் கம்பியைக் கொட்டகையின் மெல்லிய உத்தரத்தில் மாட்டாமல், தரையில் தனித்து நிற்கும் சட்டத்தில் பொருத்துங்கள். ஆடும் உடலின் எடையைத் தாங்குவதற்காக அந்தக் கூரை கட்டப்படவில்லை.