டெராபின் தொட்டியைக் கழுவுவதும் சூடாக வைப்பதும்: சிங்கப்பூர் வீட்டுக் கணக்கு

அக்கா மகன் முதலில் கேட்டது பாம்பு. கார்ன் ஸ்நேக் என்று ஆரஞ்சு நிறத்தில் ஓர் அமெரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது, கையில் சுற்றிக்கொண்டு சும்மா கிடக்கும். வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சு. சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை, எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இல்லை, கெக்கோ, இகுவானா மாதிரிப் பல்லி வகைகளும் இல்லை, பிடிபட்டால் அபராதம், சிறை வரைக்கும் போகும் என்று சொல்லி முடித்ததும், "அப்போ எதுதான் மாமா வளர்க்கலாம்?" என்றான். ஊர்வனவற்றில் இங்கே கடையில் சட்டப்படி சுலபமாகக் கிடைப்பது சிவப்புக் காது ஆமை, எல்லோரும் டெராபின் என்று சொல்வது. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கத்து மீன்கடை ஒன்றில் வாங்கினோம். அப்போது ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

அக்கா வீட்டில் இடமில்லை என்று தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அம்மா மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மட்டும் எட்டிப் பார்த்து, ஆமை வந்தால் ஆயுசு கெட்டி என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். ஆறு வருடம் ஓடிவிட்டது. பையன் தேசியச் சேவையில் இருக்கிறான், ஆமையின் ஓடு மட்டும் 21 செண்டிமீட்டர், கழுவுவது நான்.

இந்த ஆறு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது, இணையத்தில் இருக்கும் ஆமை வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதியவை என்பதுதான். முதல் வரியிலேயே தண்ணீர் ஹீட்டர் வாங்கு என்பார்கள். இந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம், அதற்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் சுகம், குட்டியாக இருந்தால் 26க்குக் குறையாமல் இருப்பது நல்லது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொட்டித் தண்ணீரை நான் அளந்த வரை, மழை கொட்டும் டிசம்பர், ஜனவரியிலும் 26க்குக் கீழே போனதில்லை, மே மாதத்தில் 29ஐத் தொடும். அந்த இடத்தில் ஹீட்டர் வாங்குவது மெரினா பேயில் வாளித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. பத்து வெள்ளிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே விதிவிலக்கு ஏர்கான் அறை. இரவெல்லாம் 23, 24 என்று வைத்துத் தூங்குகிற படுக்கையறையில் தொட்டி இருந்தால் தண்ணீரும் மெல்ல மெல்ல அங்கேயே இறங்கும், காலையில் ஏறும், மறுபடி இரவில் இறங்கும், இந்த ஏற்ற இறக்கத்தில்தான் குட்டிகளுக்குச் சளி பிடிக்கும். தொட்டியை வரவேற்பறைக்கு மாற்றுவது உத்தமம். முடியாது என்றால் லிட்டருக்கு ஒரு வாட் என்ற தோராயக் கணக்கில், தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் வாங்கி 26இல் வையுங்கள். பிளாஸ்டிக் கூண்டு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், ஆமை முட்டிக்கொண்டே இருக்கும். நான் முதல் வருடம், தொட்டி படுக்கையறையில் இருந்தபோது, ஹீட்டர் சுவிட்சை அணைக்காமல் தண்ணீரை இறக்கிவிட்டேன். கண்ணாடிக் குழல் காற்றில் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது, புதுத் தண்ணீர் மேலே பட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம், நீளவாக்கில் விரிசல். நல்ல வேளையாக ஆமை வாளியில் இருந்தது, என் கையும் வெளியே இருந்தது. அன்றிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் காத்திருந்து, அப்புறம்தான் குழாயைத் தொடுவேன்.

சரி, தண்ணீருக்குச் சூடு வேண்டாம் என்றால் சூடே வேண்டாமா? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும் ஆமை வெயில் காய்வதும் ஒன்றல்ல. தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே ஏறி, ஓடு காய்ந்து, உடம்புச் சூடு தண்ணீரைவிட ஏறினால்தான் சாப்பிட்டது செரிக்கும், ஓட்டில் பூஞ்சை பிடிக்காது. அதற்கு ஒரு மேடை, அதன் மேல் ஒரு பல்பு. மேடையில் ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி வேண்டும். குறிப்புகளில் 100 வாட் பல்பு என்று எழுதியிருப்பார்கள். நான் அதையே போட்டுப் பிற்பகலில் அளந்தபோது 42 காட்டியது, ஆமை மேடைப் பக்கமே வரவில்லை. அறையே 31இல் இருக்கும் ஊரில் 50 வாட் சாதாரண ஹேலஜன் பல்பு போதும். சூடு கூடக் குறைய இருந்தால் பல்பை மாற்றாதீர்கள், உயரத்தை மாற்றுங்கள். பல்பைக் கிளிப்பில் மாட்டிவிட்டு அதை நம்பி விடாமல் ஒரு கம்பியோ சங்கிலியோ போட்டுத் தனியாகக் கட்டுங்கள், கிளிப் ஒருநாள் நழுவியே தீரும். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி ஏறட்டும், அப்போதுதான் கம்பி வழியே இறங்கும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

அளவு சரியாக இருக்கிறதா என்று தெர்மாமீட்டரைவிட ஆமை நன்றாகச் சொல்லும். சூடு பிடித்துப்போனால் கழுத்தை முழுசாக நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் தூக்கி, விரலிடைச் சவ்வு விசிறி மாதிரி விரிய, ஏதோ பறக்கப் போகிறாற்போலக் கிடக்கும். வாயைத் திறந்துகொண்டு கிடந்தாலோ ஏறிய வேகத்தில் குதித்தாலோ சூடு அதிகம். நாள் முழுக்க மேடையைவிட்டு இறங்காமலே இருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, அல்லது உடம்பு சரியில்லை.

பல்பு வெப்பம் மட்டும் தரும். கூடவே யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், அதுதான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாக்குவது, அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் போட்டாலும் ஓடு வளைந்து மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் வருகிறதே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே விடும், அதாவது வேண்டியது வராது, வேண்டாதது வரும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக்கோ இருந்தாலும் இதே கதைதான். பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில் மாட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் தீர்ந்துபோயிருக்கும். மாட்டிய தேதியை நான் டியூபின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுவேன். இரண்டு விளக்குக்கும் ஒரு டைமர். நம் ஊரில் சூரியனே காலை 7 முதல் மாலை 7 வரைதான் வேலை பார்க்கிறது, அதே நேரத்தை வைத்தால் போதும். இரவில் எந்த விளக்கும் வேண்டாம்.

நிஜ வெயிலுக்கு ஈடில்லைதான். காலை எட்டரை மணி வாக்கில் அகலமான பேசினில் கொஞ்சம் தண்ணீர், பாதிக்கு நிழல், இருபது நிமிடம், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஒருநாள் வாசல் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, போன் வந்தது என்று உள்ளே போனேன், மேற்குப் பார்த்த தாழ்வாரம், மணி மூன்றரை. திரும்பி வந்தபோது பேசின் தண்ணீரில் விரல் வைத்தால் தேத்தண்ணி மாதிரி இருந்தது, நிழலுக்கு வைத்த அட்டை காற்றில் விழுந்து கிடந்தது, ஆமை வாயைப் பிளந்துகொண்டு பேசின் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் ஆமைக்குக் குளிரைவிட இதுதான் ஆபத்து. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 30ஐத் தாண்டினால் தொட்டிக்கு மேல் சின்ன விசிறி ஒன்று ஓடவிடுங்கள், இரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்.

இனிக் கழுவுவது. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய காலத்துக் கணக்கு. பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்த் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின். அது ஓர் இரவில் போகாது. மீன்கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தில் குளோரமினையும் நீக்கும் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் மீன் மாதிரிச் செத்துப்போகாது, ஆனால் கண் எரியும், அதைவிட முக்கியமாக ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். இன்னொன்று, வாளியைத் திறந்து வைத்து ஊரில் இல்லாமல் போனால் அதில் கொசு முட்டையிடும். டெங்கி சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் ஆமைக்குப் பிடித்த தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்தப் பாக்டீரியா விஷயத்தைப் புரிந்துகொண்டால் கழுவுவதில் பாதி வேலை குறையும். ஆமையின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், கடைசியில் வரும் நைட்ரேட்டைத்தான் நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். இரண்டு கூட்டமும் குடியிருப்பது ஃபில்டர் பஞ்சில். ஒருமுறை நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மா நல்லெண்ணத்தில் மொத்தத்தையும் இறக்கி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பஞ்சு உட்படத் தேய்த்து வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தால் தொட்டி கண்ணாடிக்கடை மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. நாலாம் நாள் தண்ணீர் கஞ்சி வடித்த மாதிரி ஆகி, வாசலில் செருப்புக் கழற்றும்போதே நாற்றம் அடித்தது. சோப்பு வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவவும் வேண்டாம்.

நான் செய்வது இதுதான். தினமும் காலையில் மீன்வலையால் கழிவை அள்ளிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், சோம்பல் இல்லாத வாரம் பாதி. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு, அதன்படி என்னிடம் 320 லிட்டர் இருக்க வேண்டும், வீவக அடுக்குமாடி நாலறை வீட்டில் 200க்கு மேல் எனக்கு இடமில்லை, அந்தக் குறையை இப்படித்தான் சரிக்கட்டுகிறேன். ஃபில்டர் வாங்கும்போதும் தொட்டி அளவுக்குப் போட்டிருப்பதை வாங்காதீர்கள், அது மீனுக்குப் போட்ட கணக்கு, இரண்டு மடங்கு அளவுக்கு வாங்குங்கள். மாதம் ஒருமுறை பஞ்சை எடுத்து, இறக்கிய பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைப்பேன், பாதியை இந்த மாதம், மீதியை அடுத்த மாதம். மேடையின் அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், வழவழவென்று ஒரு பாசி இருக்கும், மேலிருந்து தெரியவே தெரியாது, நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வரும். பழைய பல்துலக்கியும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரும் அதற்குப் போதும், நன்றாக அலசிவிட்டு வையுங்கள். தொட்டியின் அடியில் கல் போடாதீர்கள். பொடிக்கல்லை ஆமை விழுங்கும், கல்லிடுக்கில் அழுக்கு சேரும், வெறும் கண்ணாடியே மேல்.

சாப்பாட்டைத் தனி பேசினில், தொட்டித் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்தால் கழுவும் வேலை சரிபாதி. தண்ணீர் இல்லாமல் அதனால் விழுங்க முடியாது, அதனால் தரையில் வைத்து ஊட்ட நினைக்காதீர்கள். பெரிய ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பெல்லட், மற்றபடி கீரை. இப்போது கங்கோங் நறுக்கிப் போடுவது அம்மாதான்.

தண்ணீர் இறக்கும் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், முழுக்கத் தண்ணீரில் முக்கி நிரப்பி, ஒரு நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக் கீழே இறக்கினால் தானாக ஓடும். ஆமையிடம் சால்மனெல்லா இருக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்துக் காய்ச்சலில் விழுந்ததால்தான் அமெரிக்காவில் 1975லேயே நாலு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். பழைய தண்ணீர் கழிவறைக்குப் போகட்டும், சமையலறைத் தொட்டிக்கு வேண்டாம், கை கழுவாமல் எதையும் தொட வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு வாளி பூச்செடிகளுக்குப் போகிறது, நைட்ரேட் நல்ல உரம், வேரில் மட்டும் ஊற்றுவேன், பூந்தொட்டித் தட்டில் தேங்கவிட மாட்டேன்.

ஓட்டிலிருந்து மெல்லிய சில்லுகள் உரிவது வளர்ச்சி, பிய்த்து எடுக்காதீர்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி, வீங்கி மூடிய கண், ஓட்டில் மெத்தென்ற இடம், இதில் எது தெரிந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள், போகும்போது தண்ணீரின் சூடும் மேடையின் சூடும் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வளர்க்க முடியவில்லை என்றால் பூமலை என்கிற தாவரவியல் பூங்காக் குளத்திலோ நீர்த்தேக்கத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள், அது குற்றம், அங்கே ஏற்கெனவே விட்டதே போதும்; வேறு வீடு பாருங்கள்.

ஊருக்குப் போவது பற்றி அடிக்கடிக் கேட்கிறார்கள். வளர்ந்த ஆமை நாலைந்து நாள் சாப்பிடாமல் தாங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்ணீரை மாற்றி, டைமரையும் ஃபில்டரையும் ஓடவிட்டு, சாவியை எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவேன். தலையாட்டுவார். திரும்பி வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் செய்வது, ஊறிப்போய் மிதக்கும் பாவ் துண்டுகளை வலையால் அள்ளுவது.