சேற்று டயர் முன்சக்கரத்துக்கு மட்டும் போதும்

சேறும் புல்லும் கலந்த பாதையில் ஓட்டும் சைக்கிளோகிராஸ் சைக்கிளுக்கு, பெரிய பற்கள் கொண்ட சேற்று டயர் ஒன்றே போதும்; அதை முன்சக்கரத்தில் மாட்டுங்கள். பின்சக்கரத்துக்கு நடுவில் தாழ்ந்த பற்களும் ஓரத்தில் உயர்ந்த பற்களும் உள்ள டயரே நல்லது. முன்சக்கரம் வழுக்கினால் விழுவது ஏறக்குறைய உறுதி, பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். உடல் எடையில் பெரும்பங்கு பின்னால்தான் இறங்குகிறது. அதனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் தார்ச்சாலையில் மிதித்துச் சென்று செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைபவருக்கு, பெரிய பற்கள் பின்னால் இருந்தால் வேகம் குறையும், டயரும் சீக்கிரம் தேயும்.

வாங்கும்போது பற்களின் உயரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள். நம் செம்மண் மழைக்குப் பிறகு பசைபோல் அப்பிக்கொள்ளும். நெருக்கமான பற்களுக்குள் அது அடைத்துக்கொண்டால், டயர் வழவழப்பாகிவிடும். டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சைக்கிள் சங்கத்தின் பந்தய விதி மட்டுமே. சைக்கிளின் சட்டகத்தில் (ஃபிரேம்) இடமிருந்தால் தோட்டத்துக்கு 35 அல்லது 38 இன்னும் சுகம்.

ஈரமான செங்குத்து மேடுகளே உங்கள் பாதை என்றால் இந்த யோசனை உதவாது. அங்கே பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இரண்டுக்கும் சேற்று டயர்தான் வேண்டும்.