டார்வினுக்கு மெண்டலைத் தெரியுமா?

விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிறந்த வருஷம், இறந்த வருஷம் பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒரே காலம் என்றால், "நண்பர்களாகத்தான் இருந்திருப்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள்.

பரிணாமக் கொள்கை தந்த டார்வினும் மரபியலுக்கு வித்திட்ட மெண்டலும் சந்தித்ததே இல்லை. 1862-இல் மெண்டல் லண்டன் கண்காட்சிக்கு வந்தார். டார்வின் வீடு அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். அப்படியும் பார்த்துக்கொள்ளவில்லை. சரி, அப்படியானால் ஒருவரை ஒருவர் அறியவே மாட்டார்கள் என்று முடிவு கட்டலாமா? அதுவும் தப்பு. டார்வினுடைய புத்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை மெண்டல் பென்சிலும் கையுமாகப் படித்திருக்கிறார். ஓரங்களில் அவர் போட்ட கோடுகள் இன்றும் இருக்கின்றன. 1866-இல் அச்சான மெண்டலின் பட்டாணிச் செடிக் கட்டுரையை டார்வின் படித்ததற்குத்தான் சான்று இல்லை. அந்தக் கட்டுரை டார்வின் அலமாரியில் பக்கம் பிரிக்காமலே கிடந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு பிரதி அங்கே இல்லை.

இரண்டு பெயர்களுக்கு நடுவே போடும் சின்ன இணைப்புக் குறியையும் நம்பாதீர்கள். திரவமும் வாயுவும் ஓடும் விதத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு கூட்டுப் படைப்பு அல்ல. நேவியர் 1836-இல் இறந்தபோது ஸ்டோக்ஸுக்கு 17 வயது. போஸ்-ஐன்ஸ்டைன் விஷயம் இன்னும் சுவாரசியம். 1924 ஜூனில் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் தன் கட்டுரையோடு ஒரு கடிதம் அனுப்பினார். நான் உங்களுக்கு முன்பின் தெரியாதவன், ஆனாலும் உங்கள் எழுத்தைப் படித்த நாங்கள் எல்லோரும் உங்கள் மாணவர்கள்தான் என்ற தொனியில் இருந்தது அது. ஐன்ஸ்டைன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து அதை வெளியிட வைத்தார். பெர்லினில் இருவரும் நேரில் பார்த்தது 1925-இல். போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை, அதாவது கடுங்குளிரில் அணுக்கள் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் நிலையை, ஐன்ஸ்டைன் அதற்கு முன்பே தனியாகக் கணித்து முடித்திருந்தார்.

சண்டை போட்டவர்கள் நேரில் மோதியிருப்பார்கள் என்பதும் ஒரு ஊகமே. நியூட்டனும் ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தது யார் என்று அத்தனை சண்டை போட்டார்கள், முகம் பார்த்ததில்லை. லைப்னிட்ஸ் 1673-இலும் 1676-இலும் லண்டன் வந்தார். நியூட்டன் இருந்தது கேம்பிரிட்ஜில். கடிதங்கள் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் கை வழியாகப் போய் வந்தன.

அப்புறம் தேதிகள். கலிலியோ இறந்த 1642-இலேயே நியூட்டன் பிறந்தார் என்பார்கள். நியூட்டனின் பிறந்தநாளான டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி. கலிலியோவின் இத்தாலி பின்பற்றிய கிரிகோரியன் நாள்காட்டியில் அது 1643 ஜனவரி 4. ஒரே நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வருஷம் அல்ல.