குளத்தில் விழுந்த நகை: மெட்டல் டிடெக்டரோடு இறங்குமுன்

மோதிரம் கழன்று குளத்தில் விழுந்ததும் கூட வந்தவர்கள் எல்லாரும் இறங்கிக் காலால் துழாவுவார்கள். கருவி வருவதற்குள் காரியம் கெடுவது இங்கேதான். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். 22 காரட் நகையும் 17 மடங்குக்கு மேல். ஆகவே நின்ற நீரில் அது விழுந்த இடத்திலேயே அமரும். மிதித்தால்தான் அடியிலுள்ள கரம்பைச் சேற்றுக்குள் இறங்கும். மோதிரத்தைச் சாதாரணக் கருவி ஒரு சாணுக்குக் கீழே உணர்வது அரிது.

நகையைத் தொலைத்தவர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அங்கே ஒரு கம்பை ஊன்றுங்கள். பிறகு இரண்டு நேர்கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: படித்துறை மூலைக்கு நேரே எந்தப் பனை, மடைக்கு நேரே எந்தக் கோபுரம் என்று. "தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி" என்பது அடையாளமே அல்ல. பிசான நெல் சாகுபடிக்கு மடை திறந்தால் விளிம்பு நகர்ந்துவிடும். மடை திறந்திருக்கும்போது அதன் பக்கம் இறங்கவே கூடாது. இழுப்பு ஆளையே வாங்கிவிடும்.

அடுத்த தவறு, குப்பை உலோகங்களுக்கெல்லாம் கருவி போடும் சத்தம் பொறுக்காமல், அவற்றை ஒதுக்கும் வடிகட்டலைக் கூட்டி வைப்பது. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும். தாளை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம்; கருவி அதைத் தனித்தனிக் கண்ணிகளாகவே பார்ப்பதால் சத்தம் மிகச் சன்னமாக வரும். ஹெட்போன் இல்லாமல் அது காதில் விழாது. பாபநாசம் படித்துறை போல, பரிகாரத்துக்கு விட்ட துணிகளின் ஊக்கும் ஜிப்பும் சில்லறையும் குவிந்த இடத்தில் பொறுமைதான் கருவி.

திருச்செந்தூர்க் கடலுக்கென்று விற்கும் விலையுயர்ந்த பல்ஸ் வகைக் கருவி குளத்துக்குத் தேவையில்லை. அது இரும்பையும் பொன்னையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. நன்னீருக்குச் சாதாரண வகையே போதும். ஆனால் வாங்கும்போது கேளுங்கள்: பல கருவிகளில் அடியிலுள்ள வட்டு மட்டுமே நீர் புகாதது, மேலே இருக்கும் பெட்டி அல்ல.

கோடையில் வற்றுகிற குளமென்றால் காத்திருப்பது நல்லது. ஆனால் வண்டல் அள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். டிராக்டர் வந்துவிட்டால் நகை யாருடைய வயலுக்கோ போய்விடும்.

பழங்காசு கிடைத்தால் பையில் போடாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம்.