விலங்கு நடத்தை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கூண்டிலிருந்து மூளைச் சீவல் வரை

விலங்குகளின் மூளையையும் நடத்தையையும் ஆராயும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்கள் கருவிகளைப் பார்த்துத்தான் மிரளுவார்கள். மின்முனையைச் செருகுவது, நுண்ணோக்கியைச் சரிசெய்வது, நிரல் எழுதுவது எல்லாம் கடினம்தான். ஆனால் அவற்றில் நேரும் பிழை பெரும்பாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: சிக்னல் வராது, படம் மங்கும், நிரல் நின்றுவிடும். சத்தமில்லாமல் பல மாத உழைப்பைக் கெடுப்பவை வேறு. கூண்டை என்றைக்கு மாற்றினோம், விலங்கை எப்படித் தூக்கினோம், எந்தக் குழுவை முதலில் சோதித்தோம் போன்றவைதான் அவை. சோதனையில் நாம் எதை அளக்கிறோம் என்பது விலங்குக்குத் தெரியாது. அன்று காலையிலிருந்து தனக்கு நடந்த எல்லாவற்றுக்கும் சேர்த்தே அது பதில் சொல்கிறது.

சோதனை தொடங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவது பல ஆய்வகங்களில் ஊறிப்போன பழக்கம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபேக்கா வெஸ்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படித் தூக்கப்படும் எலிகள் கூடுதல் பதற்றத்துடன் இருப்பதைக் காட்டியது. குழாய்க்குள் நுழையவிட்டோ, இரு கைகளையும் குவித்தோ தூக்கினால் அந்தப் பதற்றம் குறைகிறது. பதற்றத்தை அளக்கும் சோதனைக்குப் பதற்றப்படுத்தியே எலியைக் கொண்டுவந்தால் மருந்தின் விளைவு அதில் மூழ்கிவிடும். சுமார் 5 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள ஒளிபுகும் குழாய் போதும். அதைக் கூண்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் எலி தானாகவே நுழையப் பழகிக்கொள்ளும்.

வேறு இடத்திலிருந்து வந்த விலங்குக்குக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். சோதனை நாளன்று சோதனை அறையில் 30 முதல் 60 நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். கூண்டு மாற்றிய நாளில் சோதனை வேண்டாம். தன் வாசனையெல்லாம் துடைத்தெறியப்பட்ட இடத்தில் இருக்கும் எலி அன்று இயல்பாக இருக்காது.

எலிகள் இரவில் இயங்குபவை. நம் அலுவலக நேரத்தில் அவற்றைச் சோதிப்பது, தூங்குகிறவரை எழுப்பித் தேர்வு வைப்பதற்குச் சமம். 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் சுழற்சியைத் தலைகீழாக்கினால் பகலிலேயே அவற்றின் ‘இரவை’ப் பார்க்கலாம். ஆனால் மாற்றிய மறுநாளே தொடங்கக் கூடாது, உடல் கடிகாரம் நிலைக்கு வரச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். சிவப்பு விளக்கிலும் கவனம் தேவை. எலியின் கண்ணுக்கு நீண்ட அலைநீளச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் கடையில் ‘சிவப்பு’ என்று விற்கும் பல பல்புகளிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் கசிகின்றன. இருட்டு நேரத்தில் கதவு இடுக்கில் விழும் கீற்றையும், கருவிகளில் மினுங்கும் சிறு எல்.இ.டி.யையும் கறுப்பு டேப் ஒட்டி மறையுங்கள்.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. சுண்டெலியின் காது 80 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல் போகிறது. நமக்கு அமைதியான அறையாகத் தெரிவது, கணினித் திரையும் மின்வழங்கியும் கீச்சிடும் அறையாக அதற்கு இருக்கலாம். வௌவால் ஒலி கேட்கும் கருவி ஒன்றை ஒருமுறை அறை முழுக்கக் காட்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

சோதிப்பவரின் வாசனையும் கணக்கில் வரும். வலி ஆய்வாளர் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014-இல் காட்டியது இது: ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி, வலிக்கான எதிர்வினை குறைகிறது. ஆண் அணிந்திருந்த சட்டையை வைத்தாலும் அதே விளைவு. எனவே யார் சோதித்தார் என்பது தரவு அட்டவணையில் ஒரு பத்தியாக இருக்க வேண்டும். பாதி விலங்குகளுக்குப் பிறகு ஆளை மாற்றுவதாக இருந்தால், இரு குழுக்களும் இரு ஆட்களிடமும் சமமாகப் பிரிந்திருக்க வேண்டும். சோதனைப் பெட்டியை ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் 70% எத்தனாலால் துடைப்பது வழக்கம். துடைத்த உடனே அடுத்ததை விடாதீர்கள், ஈரமும் நெடியும் போகும்வரை காத்திருங்கள். முதல் விலங்குக்கு முன்பும் துடைக்க மறந்துவிடாதீர்கள். அதற்கு மட்டும் துடைக்காத பெட்டி கிடைத்தால் அது மற்றவற்றோடு ஒப்பிடத் தகாததாகிவிடும்.

இத்தனையும் சீராக இருந்தாலும் இடத்துக்கு இடம் முடிவு மாறும். 1999-இல் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் ஒரே வகை எலிகளை, ஒரே வகைக் கருவிகளில், மூன்று ஊர்களில் சோதித்தார்கள். சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஒரே ஆய்வகத்தில் ஒரே தொகுதி விலங்குகளில் கண்ட சிறு வேறுபாட்டை மட்டும் நம்பிப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள்.

எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே பார்ப்பது

பெர்லினில் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை 1907-இல் ஆராய்ந்த ஓஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை என்று கண்டார். கேட்பவரின் தலை அசைவையும் உடல் இறுக்கத்தையும்தான் அது படித்திருந்தது. 1963-இல் ரோசந்தாலும் ஃபோடும் மாணவர்களிடம் சாதாரண எலிகளையே கொடுத்து, சிலரிடம் ‘கெட்டிக்கார இனம்’ என்றும் சிலரிடம் ‘மந்த இனம்’ என்றும் சொன்னார்கள். கெட்டிக்கார எலிகள் என்று நம்பியவர்களிடம் எலிகள் உண்மையிலேயே நன்றாகக் கற்றதாகத் தரவு வந்தது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே சோதனையில் தொடர்பில்லாத ஒருவர் விலங்குகளுக்குக் குறியெண் கொடுக்கட்டும். மருந்துக் குப்பிகளிலும் அந்த எண்ணே இருக்கட்டும். எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியல் அவரிடமே பூட்டியிருக்கட்டும். தலையில் உள்ள மின்முனைத் தொப்பியே குழுவைக் காட்டிக்கொடுத்தால், எல்லா விலங்குகளுக்கும் அதே தொப்பி வேண்டும். மருந்து பெறாத கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையிலும் மற்றதை மாலையிலும் சோதிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்புறம் நீங்கள் அளந்தது மருந்தையா நேரத்தையா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நடத்தைக்கு வரையறை எழுதாமல் வீடியோ பார்க்க உட்காருவதும் இதே குடும்பம்தான். ‘பயந்தது’ என்பது உங்கள் முடிவு. ‘மூச்சைத் தவிர வேறெந்த அசைவும் இல்லாமல் குறைந்தது ஒரு நொடி இருந்தது’ என்பதுதான் பதிவு. வீடியோக்களில் ஐந்தில் ஒரு பங்கையாவது இரண்டாவது ஆள் தனியே குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுங்கள். களத்தில் கூட்டமாக வாழும் விலங்குகளைப் பார்ப்பவர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவதை விட்டுவிட வேண்டும். சண்டையும் புணர்ச்சியும் கண்ணை இழுக்கும், ஓய்வும் மேய்ச்சலும் பதிவிலிருந்து நழுவும். ஒரு விலங்கைத் தேர்ந்து, உதாரணமாக 10 நிமிடம் அதை மட்டும் தொடரும் முறையை ஜீன் ஆல்ட்மன் 1974-இலேயே தெளிவாக வகுத்துக் கொடுத்திருக்கிறார்.

நியூரானை எண்ணி விலங்கை மறப்பது

இதைத்தான் மிக ஆபத்தான தவறு என்போம். ஆறு எலிகள், ஒவ்வொன்றிலும் 50 நியூரான்கள் (நரம்பு செல்கள்), ஆக மாதிரி எண்ணிக்கை 300 என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று எலிகளுக்கு மருந்தும் மூன்றுக்கு உப்புநீரும் கொடுத்திருந்தால், மருந்து பெற்றவை மூன்று விலங்குகளே, 150 நியூரான்கள் அல்ல. ஒரே மூளையின் நியூரான்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நியூரான்களின் மொத்த வேறுபாட்டில் 20% மட்டுமே விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூரான் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + 49 × 0.2, அதாவது 10.8. உங்கள் 300 நியூரான்கள் சுமார் 28 தனித்த நியூரான்களின் மதிப்பே பெறும். 300 என்று போட்டுக் கணக்கிட்டால் இல்லாத விளைவும் இருப்பதாக வந்துவிடும். சூழலியலில் இதை 1984-இல் ஹர்ல்பர்ட் விரிவாக எச்சரித்தார், ஆனால் மூளை ஆய்வுகளில் இது இன்னும் ஒழியவில்லை.

கருவுற்ற தாய்க்கு மருந்து கொடுத்தால் எண்ண வேண்டியது ஈற்றுகளை, குட்டிகளை அல்ல. தொட்டி நீரில் மருந்து கலந்தால் தொட்டிகளை எண்ண வேண்டும், மீன்களை அல்ல. கூடுதல் நியூரான்களைப் பதிவதைவிடக் கூடுதல் விலங்குகளைச் சேர்ப்பதே இங்கே பயன் தரும். எத்தனை தேவை என்பதைத் தொடங்கும் முன்பே கணக்கிடுங்கள். குறைவான விலங்குகளோடு ஒன்றையும் நிறுவ முடியாத சோதனை, அந்த விலங்குகள் அனைத்தையும் வீணடித்த சோதனை.

இரண்டு கடிகாரங்கள்

மூளைப் பதிவும் வீடியோவும் ஒரே நேரத்தில் ஓடும்போது, ‘ஸ்டார்ட்’ பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டு 29.97-இல் ஓடினால், ஒரு மணி நேர முடிவில் 108 ஃபிரேம், அதாவது 3.6 நொடி விலகியிருக்கும். நியூரான் மில்லிநொடிகளில் பேசுகிறது. கேமராவின் மூலையில் ஒரு எல்.இ.டி. வைத்து, அதை இயக்கும் மின்துடிப்பை மூளைப் பதிவுக் கருவிக்கும் அனுப்புங்கள். துடிப்புகளின் இடைவெளி ஒழுங்கற்று இருக்கட்டும். ஒரே சீராக இருந்தால் நடுவில் ஃபிரேம்கள் விட்டுப்போனபோது எந்தத் துடிப்பு எதனோடு சேரும் என்று தெரியாது.

மூளையைப் பதப்படுத்தும்போது

திசுவை நிலைப்படுத்தும் 4% பாராபார்மால்டிஹைடு கரைசலை 60 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள்ளேயே (fume hood) செய்து, ஆறியபின் பி.எச். அளவை 7.4-க்குக் கொண்டுவாருங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் விலங்கின் காலை அழுத்திப் பார்த்து, எதிர்வினை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே மார்பைத் திறக்க வேண்டும். முதலில் உப்புநீரும் பிறகு இந்தக் கரைசலும் இதயம் வழியாகச் செலுத்தப்படும்; அதற்கான ஊசியை இதயத்தின் இடது கீழறையில் மிக ஆழமாகச் செலுத்தினால் தடுப்புச் சுவர் கிழிந்து திரவம் நுரையீரலுக்குப் போகும். மூக்கிலிருந்து திரவம் வழிவது அதன் அடையாளம், ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். கல்லீரல் செந்நிறம் மாறி வெளிறும்வரை உப்புநீர் ஓடட்டும். ரத்தம் மிச்சமிருந்தால் பிற்பாடு அதுவே நுண்ணோக்கியில் போலி ஒளியாக மின்னும்.

எடுத்த மூளையை அதே கரைசலில் 4 டிகிரியில் ஓரிரவு வையுங்கள். நாள்கணக்கில் விட்டால், பிற்பாடு புரதங்களை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் பல ஆன்டிபாடிகள் ஒட்டாது. பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் அது அடியில் மூழ்கும்வரை விடுங்கள். மிதக்கும்போதே அவசரப்பட்டு உறைய வைத்தால் பனிப் படிகங்கள் உருவாகி, சீவல் முழுக்கத் துளைகளாக இருக்கும். வெட்டும் முன் ஒரு பக்க அரைக்கோளத்தில் ஊசியால் சிறு துளை போட்டு, அது வலமா இடமா என்று எழுதி வையுங்கள். 40 மைக்ரான் சீவல் திரவத்தில் புரண்டுவிட்டால் பக்கம் தெரிய வேறு வழியில்லை.

மின்முனையின் தடம் குறித்த பகுதியைத் தவறவிட்டிருந்தால் அந்த விலங்கை நீக்கலாம். ஆனால் எந்த அளவு விலகல்வரை ஏற்பது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். நீக்கும் முடிவை, குறியெண் பட்டியல் பூட்டப்பட்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். எத்தனை விலங்குகள், எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டன என்பது கட்டுரையில் வெளிப்படையாக அச்சேற வேண்டும்.