தமிழ்த் தலைப்பு கோப்புப் பெயராகும்போது புள்ளி தொலையாமல் இருக்க

வலைப்பதிவுகளை இறக்கிச் சேமிக்கும் ஸ்கிரிப்ட்கள் (சிறு நிரல்கள்) பல, எழுத்தும் எண்ணும் தவிர மற்றதையெல்லாம் தலைப்பிலிருந்து நீக்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழைச் சிதைத்துவிடும். பைத்தான் நிரல்மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவக் குறிப்பில்) 'சொல்லெழுத்து' (\w) என்ற வகைக்குள் கொம்பு, கால், விசிறி, மெய்ப்புள்ளி எதுவும் அடங்காது. 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும். ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போடாதீர்கள். எதை நீக்குவது என்று போடுங்கள்.

முதலில் எச்டிஎம்எல் குறியீடுகளை உரிய எழுத்தாக மாற்றுங்கள். அடுத்து யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கும் வடிவத்துக்கு, கொண்டுவாருங்கள். 'கொ' என்பதில் 'க'வுக்குப் பின் வரும் உயிர்க்குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே பெயர்தான். லினக்ஸுக்கோ இரண்டு கோப்பு. தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளையும் இந்த இடத்திலேயே களையுங்கள்.

விண்டோஸ் ஏற்காத குறிகள் ஒன்பது: < > : " / \ | ? *. சாய்கோடுகளையும் முக்காற்புள்ளியையும் சிறுகோடாக்கி, மற்றவற்றை நீக்கிவிடலாம். '1/2 கிலோ கத்தரிக்காய்' என்பதை அப்படியே விட்டால் லினக்ஸ் '1' என்ற ஃபோல்டரைத் தேடிப்போய்ப் பிழை காட்டும். கவிதைத் தலைப்புகளில் வால் போல வரும் '...' இன்னொரு தொல்லை. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் கேட்காமலே வெட்டிவிடும்.

அதிகம் சறுக்குவது நீளத்தில். லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யூனிகோடைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'வாழ்க்கை' பார்வைக்கு நாலே எழுத்து. உள்ளே எட்டுக் குறி, 24 பைட். தலைப்புக்கு 180 பைட் என்று வரம்பு வையுங்கள். வெட்டும்போது வரம்புக்குள் வரும் கடைசி இடைவெளியில் வெட்டுங்கள். பைட் கணக்கில் ஒரு குறியின் நடுவே வெட்டினால் பெயர் யுடிஎஃப்-8 ஆகச் செல்லாததாகிவிடும். குறிக் கணக்கில் வெட்டினாலும் 'கு' வெறும் 'க' ஆகலாம். வெட்டிய பிறகு ஓரத்தில் மிஞ்சும் புள்ளி, இடைவெளியைச் சீவி, உள்ளே உள்ள இடைவெளிகளைச் சிறுகோடாக்குங்கள்.

கோப்புப் பெயரின் முன்னால் 2014-03-09 என்ற வடிவில் தேதி, பின்னால் பதிவின் எண் சேருங்கள். 'கவிதை' என்றே பத்துப் பதிவு இருந்தாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. வரிசையும் தானாக அமையும். மூலத் தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் மாற்றாமல் எழுதிவையுங்கள். கோப்புப் பெயரிலிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது.